மண்மேட்டை எடுத்தாச்சு

— எடுத்தாச்சா இல்லையா, அதைச் சொல்லு மங்காயம்மா.

— எடுத்தாச்சுங்க ராஜு சார். மாடிக்குக் கலவை சுமந்து ஏறச் சரிவாக் கொட்டின மண்மேடு, இப்ப ஒரு கூடை மண்ணு மிச்சமில்ல. நீங்க கோங்குரா கீரைச் சோறு திங்கப் போன நேரத்துல மிஷின் வந்து வழிச்சுட்டுப் போயிருச்சு.

— படம் பிடிச்சு அனுப்பிட்டேன். துடைச்ச தட்டு மாதிரி இருக்குன்னு ஆபீஸ் பெரியவருக்கு ஒரே சந்தோஷம். வேலை முடிஞ்சதுன்னு கையெழுத்தும் ஆயிருச்சு. புயலுக்கு ஊர் ஒதுங்க இந்த மண்டபம் கட்டினதுல என்ன பாடம் கத்துக்கிட்டோம்னு எழுதணும், அதான் பாக்கி. நீ மேஸ்திரி. நீயும் ஒண்ணு சொல்லேன்.

— காலையிலயே சொன்னேனே, மேட்டை எடுக்காதீங்கன்னு.

— மறுபடியும் எருமையா!

— எருமை மேட்டுல ஏறும், படி ஏறாதுங்க. எருமை ஏறாட்டி எங்க ஊர்க்காரன் ஏறமாட்டான். போன புயலுக்கு என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட மாடி வரைக்கும் வந்தவர்தான். எருமை கீழ கத்துதுன்னு இறங்கிப் போனார். தண்ணி வடிஞ்சப்புறம் கயித்தைப் பிடிச்ச கையோட எடுத்தோம்.

— பாவந்தாம்மா. ஆனா வரைபடத்துல படி மட்டும்தானே இருக்கு?

— அப்ப அது தப்புன்னு எழுதுங்க.

— வரைஞ்சது பெரியவரோட மருமகன். நான் பிள்ளைகுட்டிக்காரன். ‘வேலை முடிஞ்சதும் மண்மேட்டை உடனே எடுக்கணும்’னு எழுதிட்டேன். அதுவும் பாடந்தானே?

— நல்ல பாடங்க.

— கிண்டலா?

— ஐயோ, எனக்கெதுக்கு? அடுத்த ஊருக்கு எப்பக் கிளம்புறீங்க?

— இப்பவே. இருட்டுறதுக்குள்ள கிருஷ்ணா ஆத்தைத் தாண்டணும். என் பைக் எங்க?

— நீங்க வச்ச இடத்துலதான்.

— எங்க வச்சேன்?

— உப்புத்தண்ணி பட்டா துருப்பிடிக்கும்னு தினமும் மண்மேட்டுல ஓட்டிக்கிட்டுப் போயி மாடியில நிறுத்துவீங்களே. தார்ப்பாய் மூடி பத்திரமா நிக்குது.

— அடிப்பாவி! காலையில வாயில என்ன கொழுக்கட்டையா?

— எடுக்காதீங்கன்னு கத்தினேனே. நீங்கதான் ‘எருமை, எருமை’ன்னு சிரிச்சீங்க.

— ஆளைக் கூப்பிடு. படியில இறக்கலாம்.

— படி முடுக்குல பைக் திரும்பாதுங்க. நேத்து பெஞ்சுப் பலகையே திரும்பல.

— சரி, சரி! மறுபடி மண்ணைக் கொட்டச் சொல்லு.

— கொட்டிட்டாப் போச்சு. ஊரே கூடை தூக்கும்.

— பைக் இறங்கின மறுநிமிஷம் மேட்டை எடுத்துரணும், தெரியுதா?

— படம் அனுப்பியாச்சு, கையெழுத்தும் ஆயிருச்சு. இனிமே எடுன்னு சொல்ல நீங்க யாருங்க?