அட்டைக்குப் பின்னே ஆளைப் பார்த்த அஞ்சுகம் அம்மையாருக்கு

காரைக்கால், கடற்கரைப் பகுதி மாணவர் பணி வழிகாட்டு நிலையத்தில் பதினெட்டு ஆண்டுகள் கண்காணிப்பாளராகத் தொண்டாற்றி, 30.6.1986 இன்று ஓய்வு பெறும் திருமிகு அஞ்சுகம் அம்மையார் அவர்களுக்கு அலுவலர்கள் வாசித்தளிக்கும் மடல்

படிப்பு முடித்துப் பாதை தெரியாது நின்ற பிள்ளைகளுக்குப் பரிவோடு வழி சொன்ன பண்பின் பெட்டகமே! கண்டிப்பும் கனிவும் ஒரே குரலில் கலந்த கண்காணிப்பாளரே! பிழை மலிந்த விண்ணப்பத்தைக் கண்டால் பொரிந்து தள்ளி, அதை எழுதிய பிள்ளையின் முகத்தைக் கண்டதும் பொங்கிய சினம் அடங்கிவிடும் தாயே! வணக்கம்.

இம்மடலைத் தங்களுக்குத் தெரியாமல் எழுத நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கண்ணில் பட்டிருந்தால் திருத்தியே தீருவீர்கள். புகழ்ச்சியை எல்லாம் அடித்துவிட்டு நாலு வரி மிச்சம் வைத்திருப்பீர்கள்.

பிரெஞ்சுப் பள்ளியில் முதல் மாணவியாய்த் தேறியவர் தாங்கள். பிரெஞ்சு ஆட்சி போய் இந்திய ஆட்சி வந்தபோது அந்தச் சான்றிதழைக் கேட்பார் இல்லை. இருபத்தாறு வயதில், பாவாடை சட்டைச் சிறுமியரோடு பெஞ்சில் அமர்ந்து ஆங்கிலத் தட்டச்சு பழகினீர்கள். படித்தும் பயனின்றி நிற்பவரின் வலியைப் பாடமாக அல்ல, பட்டே அறிந்தவர் என்பதால்தான், கருக்களாச்சேரி மீனவக் குப்பத்திலிருந்து வரும் பெண்ணையும் நெரவியிலிருந்து வரும் பட்டதாரியையும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்து, பேரைச் சத்தமாகச் சொல்லவைத்துப் பழக்கினீர்கள். நேர்முகத் தேர்வுக்குப் புறப்படுவோருக்காகத் தங்கள் மேசை இழுப்பறையில் சீப்பும் ஊக்கும் எப்போதும் இருக்கும். "சாப்பிட்டீங்களா? பசியோட போனா பதிலு வராது" என்பதே தங்கள் முதல் கேள்வி.

அம்மையீர்! 1977-ஆம் ஆண்டு நடந்த ஒன்றை இந்த அவையில் சொல்லியாக வேண்டும். நம் நிலையத்தில் பெயர் பதிந்தவர்கள் ஆண்டுதோறும் வந்து, பதிவு அட்டையில் முத்திரை பெற்றுப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவார்கள். திருமலைராயன்பட்டினத்து ஆரிபா, ஆசிரியப் பயிற்சி முடித்து ஐந்தாண்டுகள் காத்திருந்தவர். அடுத்த மாதம் வயது வரம்பு கடந்துவிடும். அந்நேரம் ஒரு பள்ளி ஆள் கேட்டது. நாம் அனுப்பிய பட்டியலில் அவர் பெயர் இல்லை. தம் அட்டையை மேசைமேல் வைத்து, "முத்திர போட்டது நீங்கதானம்மா? அப்பறம் எம்பேரு எப்புடி இல்லாமப் போவும்?" என்று அவர் கேட்டார். அவர் அட்டையில் முத்திரை இருந்தது. நம் பேரேட்டில் அதைப் பதியாமல் விட்டிருந்தோம்.

அன்று மாலையே தாங்கள் பேருந்து ஏறி அப்பள்ளிக்குப் போனீர்கள். "பிழை எங்களுடையது, இவரையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்" என்று கடிதம் கொடுத்தீர்கள். மறுநாள் வகுப்பெடுத்துக் காட்டி, ஆரிபா தம் திறமையால் அவ்வேலையைப் பெற்றார். இதோ, இரண்டாம் வரிசையில் ஆசிரியையாக அமர்ந்திருக்கிறார்.

பிழை யாருடையது என்று நிர்வாகக் குழு கேட்டது. "முத்திரை என் பொறுப்பு, பிழையும் என்னுடையது" என்று எழுதிக் கொடுத்தீர்கள். குழு கண்டித்தது. அவ்வாண்டு தங்களுக்கு வரவிருந்த செயலாளர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அதன்பின் ஒன்பதாண்டுகள், அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

அவையோரே, பேரேட்டில் பதியாமல் விட்டவன், இதை வாசித்துக்கொண்டிருக்கும் பஞ்சநாதனாகிய நான். இதே நிலையத்தில் அட்டை பதிந்து நான்காண்டுகள் அலைந்து, இங்கேயே தற்காலிக எழுத்தராகச் சேர்ந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. அழுதுகொண்டே தங்கள் அறைக்கு வந்தேன். "மொதல்ல கண்ணத் தொடைங்க பஞ்சநாதன். இப்ப வெளிய போனா ஒங்கள யாரு சேத்துப்பா? நான் பாத்துக்கறேன், நீங்க வாயத் தொறக்கப்படாது" என்றீர்கள். நானும் திறக்கவில்லை. சம்பளம் வாங்கினேன், நிரந்தரமானேன், தங்கையைக் கட்டிக்கொடுத்தேன். வெட்கமாக இருக்கிறது அம்மா.

இன்று மாலை ஐந்து மணிக்குத் தங்கள் பொறுப்பு முடிந்தது. ஐந்தேகாலுக்கு, உண்மையை எழுதிக் குழுத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். முன்பே கொடுத்திருந்தால் தாங்கள் வாங்கிக் கிழித்திருப்பீர்கள். குழு என்ன முடிவெடுத்தாலும் ஏற்பேன்.

அருமை அம்மையீர்! இனியேனும் காலைப் பேருந்துக்கு ஓடாமல், ஆற அமரக் காப்பி குடித்து, நோய் நொடி அண்டாமல், தாங்கள் வேலையில் அமர்த்திய பிள்ளைகளின் பிள்ளைகள் வேலைக்குப் போவதையும் கண்டு, நீடு வாழ்க! ஒரே ஒரு வேண்டுகோள். எனக்காக இரங்கி, இந்த மடலை உள்ளறையில் மறைத்து வைத்துவிடாதீர்கள். கூடத்தில் மாட்டுங்கள். வருகிறவர்கள் படிக்கட்டும்.

தங்கள் அன்பு மறவா அலுவலர்கள்
மீரா சாகிப், காசியம்மா, தெட்சிணாமூர்த்தி
பஞ்சநாதன்