தெர்மாகோலில் செருகிய ஃபேன்

திருவொற்றியூரில் பஸ் ஏறிய இரண்டு இளைஞர்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ராயபுரம் நெருங்கும்போது ஒருவன் திடீரென்று பதறினான்.

“மாமு, லேப்டாப்ப ஆஃப் பண்ணாம வந்துட்டேன்டா. கேம் டவுன்லோடு ஓடிகினு கீது.”

“ஓடட்டுமே. இன்னா இப்போ?”

“சூடாவுதுன்னு தெர்மாகோல்ல ரெண்டு குட்டி ஃபேன் சொருகி அடியில வெச்சிக்கீறேன். கட்டில் மேல. பக்கத்துலயே அக்கா தூங்குது.”

“அய்யோ, போன் போடுடா!”

அக்கா எடுக்கவில்லை. மறுபடியும் போட்டான். எடுக்கவில்லை. அடுத்த முறை எடுத்ததும், “எந்திரிக்கா! பிளக்க புடுங்கு!” என்று கத்தினான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“இன்னாடா சொல்லுது?”

“ஒரு ஃபேன் நின்னு போச்சாம். தெர்மாகோல் உருகி மெத்தையில ஒட்டிகீதாம். பிளக்க புடுங்கிடுச்சு.”

“செமயா திட்டுச்சா?”

“இல்ல மாமு. சாப்டியான்னு கேட்டுச்சு.”