தட்டின் இடது பாதி

குழந்தைகளே, இன்று காலை தாராவி பஸ் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் தன் தோழியிடம், “எங்க வீட்டுக்காரவுகளுக்கு இடது பக்கமே கிடையாதுக்கா” என்றாள்.

“என்னட்டி சொல்லுத?”

“வாதம் அடிச்சதுலேருந்து தட்டுல வலது பாதியத்தான் சாப்பிடுதாக. என் சமையல் பிடிக்கலன்னு பத்து நாளா அழுதேன். கண்ணு நல்லாத்தான் இருக்காம். மூளைதான் இடது பக்கத்தைக் கவனிக்க மாட்டேங்குதுன்னு டாக்டர் சொன்னாக.”

“இப்ப என்ன செய்த?”

“பாதியில தட்டத் திருப்பி வைக்கேன். ‘இன்னும் இருக்கா’ன்னு சிரிச்சுக்கிட்டே சாப்பிடுதாக.”

“நீ எந்தப் பக்கம் உக்காருவ?”

“வலது பக்கந்தான். என்னையும் பாக்கணும்லா.”

மத்தியானம் ஆபீசில் தனியாக டப்பாவைத் திறந்தேன். உங்கள் அம்மா வைத்திருந்த பாகற்காய்க் கறியை, வழக்கம்போல் ஒதுக்காமல், முழுக்கச் சாப்பிட்டேன்.