வெறும் ஏனமாகவே கொண்டு வாருங்கள்

மேடையின் நடுவே மலைபோல் வீற்றிருக்கும் மன்றத் தலைவர் உயர்திரு ஏகாம்பரம் அவர்களே! அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து, நான் வாயைத் திறக்குமுன்பே கடிகாரத்தைப் பார்க்கும் செயலாளர் பொன்னுதுரை அவர்களே! முன்வரிசையில் முத்தாக அமர்ந்திருக்கும் முதியோர்களே! எப்போது வேண்டுமானாலும் எழுந்து போக வசதியாகக் கதவோரம் இடம் பிடித்த இளைஞர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே! அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் மற்றத் தாய்மார்களே! நம் காஜா பேராங் வட்டார நற்பணி மன்றத்தில் நாற்காலி எடுத்துப்போடும் பொறுப்பை ஏற்றிருக்கும் சேதுராமன், உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நம் நாடு விடுதலை பெற்ற மெர்டேக்கா நாளின் முதலாண்டு நிறைவு விழா இது. எனக்கு முன்னால் பேசியவர்கள் நாட்டைப் பற்றிப் பேசினார்கள். நாளையைப் பற்றிப் பேசினார்கள். நான் சட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரு சேதி சொல்கிறேன். நம் தெருமுனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கமலவேணி அம்மாள், நாளை முதல் கடையைத் திறக்கப் போவதில்லை. ஏன் சிரிப்பு நின்றுவிட்டது?

கணவர் போன பிறகு, ஒரே மகளை ஆளாக்க இட்லிக் கொப்பரையைத் தூக்கியவர் அவர். அந்தக் கொப்பரையால் அவர் மகளும் வளர்ந்தாள். நம் தெருவும் வளர்ந்தது. இன்று அரிசி இருக்கிறது. அடுப்பு இருக்கிறது. ஆக்குகிற கைக்குத் தெம்பு இருக்கிறது. ஆக்கியதை இறக்கி வைக்க ஏனம் இல்லை! எங்கே போயின அந்த ஏனங்கள்? என்னை ஏன் பார்க்கிறீர்கள்? உங்கள் வீட்டில்தானே இருக்கின்றன!

அன்பர்களே, முன்பு நாம் அந்தக் கடைக்கு எப்படிப் போனோம்? சாம்பாருக்குத் தூக்குச் சட்டி, சட்டினிக்குக் கிண்ணம் என்று வீட்டிலிருந்தே எடுத்துப் போனோம். அந்தப் பழக்கத்தை எப்போது விட்டோம்? கொடி ஏறிய பிறகு விட்டோம்! கஞ்சி போட்ட சட்டை அணிந்தோம். சைக்கிளுக்கு மணி வைத்தோம். சுதந்திர நாட்டின் குடிமகன் சட்டி தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பதா என்று யாரோ ஒருவர் வெட்கப்பட்டார். அவரைப் பார்த்து எல்லோரும் வெட்கப்பட்டோம். கையை வீசிக்கொண்டு கடைக்குப் போனோம்.

இட்லியை இலையில் மடிக்கலாம். சாம்பாரை மடிக்க முடியுமா? ரசத்தைச் சுருட்ட முடியுமா? மோரை முந்தானையில் முடிய முடியுமா? காப்பிக் கடையில் டின்னில் காப்பி வாங்குவதுபோல் ஆகட்டும் என்று, காலியான இனிப்புப் பால் டின்னில் சாம்பாரை ஊற்றிக் கொடுத்துப் பார்த்தார் அந்த அம்மாள். சாம்பார் தித்திக்கிறது என்று புகார் வந்தது. புகார் சொன்னவர் மறுநாளும் வெறுங்கையோடுதான் வந்தார்.

வேறு வழியில்லாமல் தம் சொந்த ஏனங்களில் ஊற்றிக் கொடுத்தார். போன ஏனம் திரும்பவில்லை. நாம் திருடர்களா? இல்லை! மறதிக்காரர்களா? இல்லவே இல்லை! நாம் மரியாதை தெரிந்தவர்கள். கேடு அங்கேதான் வந்தது.

வடிவாம்பாள் அக்கா வீட்டுக்குப் போனேன். அலமாரியில் அந்த அம்மாளின் பித்தளைத் தூக்கு, புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று இருந்தது. "ஏன்க்கா, திருப்பிக் கொடுக்கலையா?" என்றேன். "வெறும் ஏனத்தையா கொடுக்கச் சொல்ற தம்பி? ஒரு கேசரி கிண்டி வெச்சுக் கொடுத்தாத்தானே மரியாதை? மகன் பாஸ் பண்ணட்டும்" என்றார்கள். அவர்கள் மகனை எனக்குத் தெரியும். கமலவேணி அம்மாள் அந்தத் தூக்கை மறந்துவிடுவது நல்லது.

அக்கா கோபிக்க வேண்டாம். தம்பி தியாகுவின் கதை இன்னும் மோசம். தனிக்கட்டை, வெந்நீர் வைத்தாலும் அடிப்பிடிக்கும். வெறும் ஏனத்தைத் திருப்பிக் கொடுக்க அவருக்கும் மனம் வரவில்லை. அதில் போட்டுக் கொடுக்கக் கேசரி வாங்கலாம் என்று போனார். எங்கே போனார்? கமலவேணி அம்மாள் கடைக்கே போனார்! எப்படிப் போனார்? வழக்கம்போல் கையை வீசிக்கொண்டு போனார்! அந்த அம்மாள் கேசரியை இன்னோர் ஏனத்தில் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த தம்பிக்குப் பசி. கேசரி தீர்ந்தது. இப்போது அவர் வீட்டில் இரண்டு ஏனம்.

பிறர் வீட்டு ஏனத்தை வெறுமையாக அனுப்பாதது நல்ல வழக்கம், நான் மறுக்கவில்லை. ஆனால் நம் மரியாதை முழுவதும் அலமாரியில் பளபளக்க, ஒரு பெண்பிள்ளையின் அடுப்பு அணைவது என்ன மரியாதை? எனக்கு வயிறு எரிகிறது, அன்பர்களே! கொடி பிடித்த கைக்குத் தூக்குச் சட்டி கனக்குமா? நாட்டையே சுமக்கிறோம் என்று முழங்கும் தோளுக்கு நாலு கரண்டி சாம்பார் பாரமா?

தலைவர் அவர்களே, தண்ணீர் குடித்துவிட்டீர்களா? அந்தச் செம்பின் கழுத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். 'க.வே.' என்று வெட்டியிருக்கிறது. ஆமாம், கமலவேணி அம்மாளின் செம்புதான். தைப்பூசத்துக்கு மோர் வாங்கிய செம்பு. என்ன சொல்கிறீர்கள் தலைவரே? "பொங்கல் வெச்சுக் கொடுக்கலாம்னு இருந்தோம்" என்கிறீர்களா? எந்தப் பொங்கலுக்கு?

சபையோரே, தலைவர் எழுந்துவிட்டார். மிச்சத் தண்ணீரைப் பூந்தொட்டியில் ஊற்றுகிறார். படியிறங்குகிறார். கடைசித் தூணருகே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் கமலவேணி அம்மாளிடம், வெறும் செம்பை இரண்டு கையாலும் நீட்டுகிறார். இந்த விழாவில் இதைவிடப் பெரிய உரையை யாரும் ஆற்றவில்லை.

வடிவாம்பாள் அக்கா, எங்கே கிளம்பிவிட்டீர்கள்? வீட்டுக்கா? போய் வாருங்கள்! தம்பி தியாகு, நீங்களுமா? இரண்டையும் எடுத்து வாருங்கள்! செயலாளரே, கூட்டம் கலைகிறதே என்று மணி அடிக்காதீர்கள். எல்லோருக்கும் வீடு பக்கம்தான், காத்திருப்போம்.

இதோ வருகிறார்கள். தூக்கு வருகிறது, குண்டான் வருகிறது, குழம்புச் சட்டி வருகிறது. கழுவ நேரமில்லை என்று யாரோ கூசுகிறார்கள். அந்த அம்மாள் என்ன சொல்கிறார் கேளுங்கள்: "பரவால்லம்மா, குடுங்க, நான் கழுவிக்கிறேன்." கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். நானும்தான் துடைத்துக்கொள்கிறேன், அதற்கென்ன?

அம்மா, நாளைக்குக் கடை உண்டா? சபை கேட்க உரக்கச் சொல்லுங்கள்.

"மாவு அரைச்சு வைக்கலையேப்பா. உப்புமாதான். பசியாற வருவீங்களா?"

உப்புமாவுக்கு இப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதே இல்லை! வருவோம் அம்மா, அவரவர் சட்டியோடு வருவோம்.

செம்பைக் கொடுத்துச் சிறந்த தலைவருக்கு நன்றி. மணி அடிக்காத செயலாளருக்கு நன்றி. அம்மாளைச் சூழ்ந்து நிற்கும் அன்பர்களுக்கு நன்றி. என் உரையை இறுதிவரை அசையாமல் கேட்ட நாற்காலிகளுக்கும் நன்றி. அவற்றை அடுக்கிவிட்டு வருகிறேன். வணக்கம்.