பசீலுக்கு மட்டும் கை

நொயெலி: கத்தியைக் கீழ வைடா தம்பி. சிப்பியை அப்புறம் உடைக்கலாம். கேட்டதுக்குப் பதில் சொல்லு.

ஃபிர்மேன்: என்ன கேட்ட?

நொயெலி: நம்ம ஊர் வழக்கப்படி ரொட்டிக்காரருக்குக் கன்னத்துல முத்தம் குடுத்து வணக்கம் சொல்ற. தபால்காரனுக்கு முத்தம். மீன் நாத்தத்தோட நம்ம கடைக்கு வந்தாரே அந்தக் கிழவர், அவருக்கும் முத்தம். பசீலுக்கு மட்டும் ஏன் கையை நீட்டுற?

ஃபிர்மேன்: கை குலுக்கினா தப்பா அக்கா?

நொயெலி: நாம என்ன பாரிஸ்காரங்களா? சிநேகிதனுக்குக் கை குடுத்தா, போடான்னு சொன்ன மாதிரிடா.

ஃபிர்மேன்: எனக்குச் சளி.

நொயெலி: ஜூலை மாச வெயில்லயா!

ஃபிர்மேன்: தாடி குத்துது...

நொயெலி: அவனுக்கு ஏதுடா தாடி?

ஃபிர்மேன்: ...என் தாடி அவனுக்குக் குத்தும்.

நொயெலி: ஆகா, என்ன கரிசனம்! உங்க ரெண்டு பேருக்கும் சண்டைன்னு மார்க்கெட் பூரா பேச்சு. ஞாயித்துக்கிழமை விருந்து வச்சு சமாதானம் பண்ணப் போறாளாம் அம்மா.

ஃபிர்மேன்: ஐயையோ! அவ எதுக்கு இதுல...

நொயெலி: பயப்படாத. அதுக்குள்ள அவன் ஊர்லயே இருக்க மாட்டான்.

ஃபிர்மேன்: ...தெரியும்.

நொயெலி: இன்னிக்கு மத்தியானம் ரயில். பிரெஸ்ட் துறைமுகத்துல கப்பல் வேலை. இனி எப்ப வருவானோ.

ஃபிர்மேன்: தெரியும்னு சொன்னேனே!

நொயெலி: கத்தாத. ஏதாவது பொண்ணு விஷயமா? உன் ஆளை அவன் தட்டிட்டுப் போயிட்டானா?

ஃபிர்மேன்: பொண்ணா... இல்லக்கா. பொண்ணு யாரும் இல்ல.

நொயெலி: அப்ப வேற என்ன? அதோ, பெட்டியும் கையுமா வர்றான் பாரு. கடை கடையா எல்லாருக்கும் முத்தம் குடுத்துட்டு வர்றான். இன்னிக்கும் கைதானா?

ஃபிர்மேன்: ஆமா.

நொயெலி: கடைசி நாள்டா...

ஃபிர்மேன்: அதனாலதான்! இத்தனை பேர் பாக்குறாங்க. அவன் கன்னம் பட்டா... என்னால விலக முடியாதுக்கா. போதுமா? சொல்லிட்டேன்.

நொயெலி: மெல்லப் பேசு, வந்துட்டான்.

பசீல்: ஃபிர்மேன்... கிளம்பறேன். இந்தா, நானே கையை நீட்டிட்டேன். உனக்குச் சிரமம் வேண்டாம்.

நொயெலி: கையை மடக்கு பசீல். உள்ள போ. டேய், நீயும் போ. நான் ஷட்டரை இறக்கிட்டு வெளிய நிக்கிறேன்.

பசீல்: இந்நேரத்துல கடையை மூடினா ஊர் என்ன சொல்லும்?

நொயெலி: சிப்பி தீந்துபோச்சுன்னு சொல்லிக்கிறேன்.

ஃபிர்மேன்: அக்கா... உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?

நொயெலி: முத்தத்தை நிறுத்திட்டு அவனுக்கு முதல்முதலா கையை நீட்டினியே, அன்னிலேர்ந்து.