நாலாயிரம் அடி

– அக்கா, உக்காந்தாச்சா? கால் அந்த ஒயர் மேல படாம பாத்துக்கோ. அந்தப் பக்கம் இன்னும் மூடல.

– என் விமானத்துல எனக்கே வழி சொல்றான் பாரு. உக்காந்தாச்சுடா தம்பி.

– பழைய முள்ளு டயல் ஆறையும் கழட்டி டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். வீட்டுக்கு எடுத்துட்டு போறியா?

– எதுக்கு? வீட்டுல ஏற்கெனவே ஓடாத கடிகாரம் ரெண்டு இருக்கு.

– இதெல்லாம் நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. நீதான் டிவி மாதிரி பெருசா திரை வேணும்னு ஒத்தக்கால்ல நின்ன.

– எல்லாரும் மாத்தறாங்க, நானும் மாத்தறேன். ரெக்கையில ஒண்ணு, வால்ல ஒண்ணு, இன்ஜின்ல நாலுன்னு சென்சாரா மாட்டி வச்சிருக்க. இனிமே ஓட்டறதுக்கு ஆளே வேணாம் போல.

– வேணும்க்கா. திரையப் பாக்க ஒரு ஆள் வேணும்.

– சரி சரி. இப்ப நான் என்ன பண்ணணும்?

– வெளிய என்கிட்ட ஒரு பெட்டி இருக்கு. அதோட குழாய வால் பக்கத்து ஓட்டையில ஒட்டியிருக்கேன். நான் காத்த உறிஞ்ச உறிஞ்ச, மேல ஏறிட்டு இருக்கோம்னு உன் திரை நம்பிடும். பம்ப் உறுமினா ஏறுதுன்னு அர்த்தம். அடங்கினா அங்கயே நிக்குது. வலது ஓரத்துல உயரம் காட்டும், அதப் படிச்சு சொல்லு. என் பெட்டி காட்டறதோட ஒத்துப்போகணும்.

– ஒத்துப்போச்சுன்னா?

– கையெழுத்து போட்டுடுவேன். நாளைக்கு நீ பறக்கலாம்.

– போகலன்னா?

– வண்டி இங்கயே நிக்கும்.

– நாளைக்குப் போயே ஆகணும்டா. இத நீ பிரிச்சுப் போட்டு மூணு மாசம் ஆச்சு. அந்த வீட்டுல ஃபிரிட்ஜ் சத்தத்தக் கேட்டுட்டு உக்காந்திருக்கேன்.

– எங்க வீட்டுக்கு வான்னா வரமாட்டேங்கற.

– வந்தா உன் பொண்டாட்டி என்னை சோபாவுல உக்கார வச்சு, முதுகுக்கு தலகாணி குடுக்கறா. உங்க மாமா போனதுலேருந்து எல்லாரும் அப்படித்தான் பாக்கறாங்க. மேல தனியா இருந்தா யாரும் பாக்கறதில்ல.

– ம்.

– ம்னா என்ன ம். சட்டுபுட்டுனு ஏத்து.

– ஏத்தறது கூட பரவால்லக்கா. இறக்கறதுதான் மெதுவா செய்யணும். சட்டுனு விட்டா உள்ள இருக்கற சென்சார் செத்துடும். ஆரம்பிக்கறேன். கேக்குதா?

– கேக்குது. காதுல வண்டு புகுந்த மாதிரி.

– நிறுத்திட்டேன். இப்பப் படி.

– இருடா. கண்ணாடியில வெளிச்சம் அடிக்குது.

– ஷெட் கதவ சாத்தறேன். இப்ப?

– எழுத்து பொடியா இருக்கு.

– இதுக்கு மேல பெருசு பண்ண முடியாதுக்கா. இருக்கறதுலயே பெரிய அளவுதான் வச்சிருக்கேன். ஏன் தலைய அப்படி சாய்ச்சுப் பாக்கற?

– கழுத்துப் பிடிப்பு.

– இந்தப் பக்கம் சாய்ச்ச, இப்ப அந்தப் பக்கம் சாய்க்கற. ஜன்னல்ல தெரியுதுக்கா.

– என் கண்ணுக்கு என்ன? போன மாசம்தான் டாக்டர்கிட்ட எல்லா வரிசையும் மளமளன்னு ஒப்பிச்சேன்.

– ஒப்பிச்சியா, படிச்சியா?

– ரொம்பப் பேசாத. எவ்வளவுன்னு நீ சொல்லு, சரியா இருக்கான்னு நான் பாத்து சொல்றேன்.

– நான் முதல்ல சொல்லக்கூடாதுக்கா. உள்ள இருக்கறவங்கதான் சொல்லணும்.

– என்னை நம்பமாட்டியா? உன் சைக்கிளப் பின்னாடி பிடிச்சுட்டு ஓடினவடா நான்.

– பாதியில கைய விட்டுட்டு, பிடிச்சிருக்கேன் பிடிச்சிருக்கேன்னு கத்தினவ.

– நீ ஓட்டினியா இல்லையா?

– ஓட்டினேன். சரி. ஆயிரம் அடி.

– ஆயிரம். ஆடாம அசையாம நிக்குது.

– ரெண்டாயிரம்.

– …

– அக்கா, ரெண்டாயிரம்.

– ம். ரெண்டாயிரம். இங்க வந்துட்டா ரயில் பாதை நூல் மாதிரி தெரியும்.

– மூவாயிரம்.

– மூவாயிரம். இங்கதான் உங்க மாமா ஃபிளாஸ்க்கத் திறப்பாரு. பாதி காபி என் மடியில. திட்டுவேன். நான் திட்டறது கேக்காத மாதிரி ஹெட்செட்ட சரி பண்ணுவாரு.

– அக்கா.

– நிறுத்தாதடா. அடுத்தது சொல்லு.

– நாலாயிரம்.

– நாலாயிரம். இதுக்கு மேல மேகம். எவ்வளவு அமைதியா இருக்கு பாரு.

– அக்கா, ஆயிரத்துக்கு அப்புறம் நான் ஏத்தவே இல்ல. உன் முன்னாடி இருக்கற திரை இன்னும் ஆயிரம்தான் காட்டுது.

– கண்ணுக்குத் தெரியல, காதுக்குத் தெரியும்டா. பம்ப் அப்பவே அடங்கிடுச்சு.

– அப்புறம் ஏன்…

– கடைசியா ஒரு தடவை நாலாயிரம் வரைக்கும் போயிட்டு வரலாம்னு பாத்தேன். போயாச்சு. இப்ப மெதுவா இறக்கு.