பச்சையாகத்தான் இருந்தது

போன் அடித்தாலே எனக்குப் பயம். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சார், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஆம்புலன்ஸ் மையத்தின் ஜாவா மென்பொருளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அழைப்பை எடுக்கும் அக்கா முகவரியைத் தட்டுவார். அது சர்வர் வழியாக ஓட்டுநரின் போனுக்குப் போகும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை கண்காணிப்பு நிரல் சர்வரிடம் நலமா என்று கேட்கும். சர்வர் டேட்டாபேஸைத் தொட்டுப் பார்த்து, வண்டிகளுக்குப் போகும் இணைப்பையும் தொட்டுப் பார்த்து, நலம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் சுவரில் இருக்கும் பலகை பச்சை. இல்லையென்றால் சிவப்பு, கூடவே என் போன் அலறும்.

அந்த இணைப்பு ஒரு நோஞ்சான். நாளுக்குப் பத்து முறை திணறும், தானாகவே தெளியும். பத்து முறையும் என் போன் அலறும். "மாப்ளே, உன் புள்ள திரும்ப அழுகுதுடா, போய்த் தூக்கு" என்பார் டீம் லீடர். அறையே சிரிக்கும்.

ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு அந்த இரண்டு சோதனைகளையும் எடுத்துவிட்டு, எதையும் பார்க்காமல் நலம் என்று சொல்ல ஒரே வரி எழுதினேன். 'வண்டிக்குச் செய்தி போகவில்லை' என்று லாக் கோப்பில் விழும் எச்சரிக்கைகளையும் நிறுத்தினேன். அறை அமைதியானது. லீடர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அக்கா கூப்பிட்டார். ஓட்டுநர் ஒருவரிடமிருந்தும் பதில் இல்லையாம். பலகையைப் பார்த்தேன், பச்சை. அது ஏன் பச்சை என்று எனக்கு மட்டும் தெரியும். சர்வரை அணைத்து மறுபடி கிளப்பினால் இணைப்பு சரியாகிவிடும், ஒரு நிமிடம் போதும். கிளப்பினால் ஏன் என்று கேட்பார்கள், அந்த ஒரு வரி வெளியே வரும். எப்போதும் போல தானாகத் தெளியும் என்று காத்திருந்தேன்.

இருபது நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"தம்பி, இப்ப எடுத்த கால் எங்க வீட்டுலேருந்து. அவருக்கு நெஞ்சு வலியாம், பொண்ணு பேசுறா. வண்டி கிளம்பிடுச்சா?"

"போர்டு பச்சையா இருக்குக்கா."

"வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். நானே ஓடிப் போய் யார் வண்டியிலயாவது ஏத்திடவா?"

"வேண்டாம்க்கா. வண்டி வந்துக்கிட்டிருக்கும். நீங்க சீட்டை விட்டு எந்திரிக்காதீங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த அழைப்பை எடுத்து, யாருக்கோ தைரியம் சொல்வது என் காதில் விழுந்தது.

மூன்று மணிக்கு இணைப்பு தெளிந்தது. அதற்குள் பத்தொன்பது முகவரிகள் போய்ச் சேராமல் கிடந்தன. ஆறு பேர் இறந்துபோனார்கள். அக்காவின் கணவர் நாலாவது. சாயங்காலமே பழைய சோதனைகளை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

அக்கா என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லையாமே. "தம்பி பார்த்துட்டுத்தான் சொன்னான்" என்றாராம். அதைக் கேட்டதிலிருந்து, இதோ உங்கள் மேஜையில் போன் அதிர்ந்தாலும், அவர்தானோ என்று திரும்பிப் பார்க்கிறேன்.

சர்வரைக் கிளப்பாமல் இருந்தது நான். அவரை நாற்காலியில் உட்கார வைத்ததும் நான். பயத்தில் செய்தேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள் சார். போர்டு பச்சையாகத்தான் இருந்தது.